டால்ட்டன் ஒடியாது

டங்கென்று கேட்டிருக்க வேண்டும், டொக்கென்றுதான் கேட்டது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கேட்ட அந்தச் சத்தம், மூன்று கால் பகுதிகள் முடிந்து கடைசிக் கால் பகுதிக்கு விசில் ஊதிய பிறகும் ஞானதுரையின் காதுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மைதானத்து ஓரம், இரண்டு அணிகளின் பெஞ்சுகளுக்கும் நடுவில், பந்தலின் கீழ் போட்ட மேஜைதான் அவருடைய இடம். டெக்னிக்கல் ஆபீசர் என்று சட்டையில் பேட்ஜ் தொங்கும். வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பெண்ணும் தன் ஹாக்கி ஸ்டிக்கைக் கொண்டுவந்து நீட்டுவாள், இவர் அதை ஓர் இரும்பு வளையத்துக்குள் விட்டு எடுப்பார், சிக்காமல் போனால் சரி, விளிம்பில் சிராய் ஏதும் நிற்கிறதா என்று உள்ளங்கையால் தடவுவார், போம்மா, அடுத்த ஆள் வாம்மா. அதோடு நிற்கிற மனுஷரா அவர்? மர ஸ்டிக் என்றால் அதன் வளைந்த நுனியைச் சிமெண்டுத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். ரூல் புத்தகத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. மர ஸ்டிக்கோடு வருகிறவள் இந்த டோர்னமெண்டிலேயே ஒருத்திதான், இசக்கிதேவி, பின்வரிசையில் ஃபுல் பேக் ஆடுகிற பெண். அவளுடைய டால்ட்டன் கம்பெனி ஸ்டிக்கை முந்தாநாள் தட்டியபோது டங்கென்றது, கோயில் மணியைத் துணி சுற்றி அடித்த மாதிரி. இன்றைக்குத் தட்டினார், டொக். இன்னொரு தரம் தட்டினார், டொக். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் இவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். போம்மா, என்று சொல்லிவிட்டார்.

ஏன் சொன்னோம், ஏன் சொன்னோம் என்று மனசு அதையே சுற்றிக்கொண்டிருந்தது. வேறு ஸ்டிக்காக இருந்திருந்தால் சொல்லியிருப்பாரா? கார்பன் ஸ்டிக் ஒன்றில் மயிரிழை கீறல் இருந்தாலும் ஒதுக்கி வைத்துவிடுகிற ஆள்தானே. ஆனால் அது டால்ட்டன். கழுத்தில் நாலு விரல் அகலத்துக்குச் சிவப்புத் துணிக்கட்டு, அதற்குக் கீழே கொஞ்சம் சாய்ந்த வெள்ளை எழுத்தில் பெயர், உள்ளே மல்பெரி மரம், கிட்டே போனாலே எண்ணெயும் பசையும் கலந்த ஒரு வாசனை. பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சாமான் அறையில், உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால், பிரிக்காத உறையோடு கிடந்ததாம், இசக்கி எடுத்துக்கொண்டாளாம். ஞானதுரை வாலிபத்தில் மில் டீமுக்கு ஆடிய காலத்தில் டால்ட்டன் வைத்திருக்கிறவன் தோளில் சாய்த்துக்கொண்டு மெயின் ரோட்டில் நடந்தால் டீக்கடை பெஞ்சில் இடம் விடுவார்கள். கோவில்பட்டியில் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை ஒருத்தன் கையோடு டால்ட்டனைக் கொண்டுபோனான் என்று ஒரு கதையே உண்டு. அந்த மாப்பிள்ளை யார் என்று ஞானதுரையின் சம்சாரத்தைக் கேட்டால் சொல்லுவாள். பிறகு என்ன ஆயிற்று? புல்தரை போயிற்று, செயற்கைத் தரை வந்தது, அதில் தண்ணீர் தெளித்து ஆடச் சொன்னார்கள், மரம் தண்ணீரைக் குடித்தது. உலகமெல்லாம் கார்பனுக்குப் போனபோது டால்ட்டன் முதலாளி, மரத்தில் செய்தால்தான் அது ஸ்டிக் என்று வடக்கே உட்கார்ந்து பிடிவாதம் பிடித்தார். அவர் போனதும் பிள்ளைகள் அவசர அவசரமாகக் கார்பனில் இறங்கினார்கள், முதல் மழைக்கே பெயிண்ட் தோல் உரிந்தது. பட்டறை மூடியது. பெயரை மட்டும் யாரோ பை தைக்கிற கம்பெனிக்காரன் வாங்கினான். இப்போது பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிற ஸ்கூல் பைகளில் அதே சாய்ந்த எழுத்தில் டால்ட்டன் என்று போட்டிருக்கிறது, ஞானதுரை அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனாலும் பாருங்கள், இந்த ஊர் விடவில்லை. டால்ட்டனைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள்கூடத் தங்கள் கார்பன் ஸ்டிக்கின் கழுத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் மைதானத்தில் இறங்குகிறார்கள். ஏன் என்று கேட்டால், டால்ட்டன் கட்டு சார், என்பார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

“அண்ணாச்சி, என்ன அப்படியே உறைஞ்சு போயிட்டீக? நம்ம பிள்ளைக ஏறி ஆடுதுக, பாருங்க,” என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரிச்செல்வம். நேரம் பார்ப்பதும் ஹூட்டர் அழுத்துவதும் அவன் பொறுப்பு.

“பாத்துட்டுதான இருக்கேன்.”

“உங்க டால்ட்டன் பொண்ணு இன்னைக்கும் ஒண்ணு போட்ருவா.”

டால்ட்டன் பொண்ணு. அந்தப் பேரை வைத்ததே இவர்தான், எவன் எவனையோ குறை சொல்லி என்ன செய்ய. போன ஞாயிற்றுக்கிழமை யூடியூப் சேனல் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தன் மைக்கோடு வந்தான். இசக்கியை நிறுத்தி, கையில் ஸ்டிக்கைக் கொடுத்து நாலு கேள்வி கேட்டுவிட்டு, சார் நீங்க பழைய பிளேயர்னு சொன்னாங்களே என்று இவர் பக்கம் திருப்பினான். யாராவது மைக்கை நீட்டினால் ஞானதுரைக்கு வாய் சும்மா இருக்குமா. அளந்து தள்ளிவிட்டார். கடைசியில் கேமராவைப் பார்த்து, ஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டால்ட்டன் ஒடியாது தம்பி, ஆள் ஒடிஞ்சாலும் டால்ட்டன் ஒடியாது, என்று ஒரு போடு போட்டார். அந்தத் துண்டை மட்டும் வெட்டி, பின்னால் மேளம் சேர்த்து, ஊர் பூராவும் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது. காய்கறிக் கடைக்காரர்கூட இன்று காலையில் முருங்கைக்காயைத் தூக்கிக் காட்டி, ஒடியாதுல்ல அண்ணாச்சி, என்றார். இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர், அந்த ஸ்டிக்கை வைத்துக்கொண்டு, பாப்பா இதுல உள்ள எங்கேயோ விரிசல் விட்டிருக்கு, இதை வச்சு ஆடாத, என்று எந்த முகத்தோடு சொல்வது? அதுதானா காரணம்? வெறும் மானப் பிரச்சினைதானா? சே, அப்படி இருக்காது. தப்பாகக்கூடக் கேட்டிருக்கலாம். ஐம்பத்தெட்டு வயசுக் காது. பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. தரையில் ஈரம் இருந்தாலும் சத்தம் மாறும். மாறுமா? மாறும். ஈரம் தரையில் இருந்ததா, மரத்துக்குள் இருந்ததா?

பந்து மேஜைக்கு முன்னால் வெளியே வந்தது. எடுக்க வந்தவள் இசக்கியேதான். நீலத் தரையில் தெளித்த தண்ணீர் அவள் ஓடிவர ஓடிவரத் தெறித்தது. ஸ்டிக்கின் நுனி நனைந்து கறுத்திருந்ததை ஞானதுரை பார்த்தார். கூப்பிட்டிருக்கலாம். கை நீட்டினால் எட்டுகிற தூரம். அவள் பந்தை வைத்துத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். போன பிறகுதான் வாய் திறந்தது, திறந்த வாயை வீணாக்காமல் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

ஒடியாது என்று எந்த வாயால் சொன்னார்? ஒடிந்திருக்கிறது. இவர் கையிலேயே ஒடிந்திருக்கிறது. மில் டீமுக்கு மதுரையில் ஓர் ஆட்டம், ஃப்ரீ ஹிட், ஞானதுரை ஓங்கி அடித்தார், கையில் பிடி மட்டும் நின்றது. வளைந்த பாதி சுழன்று போய்ப் பக்கத்தில் நின்ற சுப்பாராஜின் வாயில் விழுந்தது. சொந்த டீம்காரன், சேக்காளி, ஒரே தட்டில் சாப்பிட்டவன். இரண்டு பல். இந்தக் கதையை ஞானதுரை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பார், எத்தனை பேரை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்திருப்பார்! ஒடிஞ்ச டால்ட்டனும் சும்மா கிடக்காது, பல் டாக்டர் வேலை பார்க்கும், என்று முடிப்பார். சுப்பாராஜும் கூட இருந்தால் சிரிப்பான். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். கட்டிவைத்த பல் இருந்தும் சாகிற வரைக்கும் அவன் கையை எடுத்ததில்லை, கல்யாண போட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு, பெண்ணைப் பிடிக்காதவன் மாதிரி நிற்பான். அந்தப் போட்டோவும் இவர் கதையில் ஒரு துணுக்குத்தான். கதையில் வராதது ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி பூராவும் உட்கார்ந்திருந்தபோது, பிடியை மடியில் வைத்துக்கொண்டு ஞானதுரை யோசித்துப் பார்த்தார். அந்த வாரம் முழுக்கப் பந்தை அடிக்கும்போது கைக்கு ஏதோ ஒரு மாதிரியாக, உயிர் இல்லாமல் இருந்தது. சத்தமும்தான். டொக், டொக். கேட்கத் தெரியாத வயசு. அதன்பிறகுதான் தட்டிக் கேட்கிற பழக்கமே வந்தது. அதைத்தான் பழக்கதோஷம் என்று எல்லோரிடமும் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

விசில். நடுவர் கையை கோலுக்கு முன்னால் வரைந்த டி வட்டத்தின் பக்கம் நீட்டினார். பெனால்டி கார்னர்.

பெனால்டி கார்னர் என்றால் இசக்கிதான் அடிப்பாள். ஒருத்தி கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவாள், டிக்கு வெளியே இன்னொரு டீம்காரி பெனிட்டா குனிந்து ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்து அதை நிறுத்துவாள், இசக்கி ஓடிவந்து முழு வேகத்தில் விளாசுவாள். எதிரணியில் காக்கிற பெண்களுக்காவது முகத்தில் கவசம் உண்டு. பெனிட்டாவுக்கு வாய்க்குள் மாட்டுகிற பல் கவசத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. பந்தை நிறுத்திவிட்டு அவள் நிமிருவதற்குள் இசக்கியின் ஸ்டிக் அவள் முகத்துக்குப் பக்கத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். எழுந்திரு, எழுந்திருடா ஞானதுரை, என்று சொல்லிக்கொண்டார். கால் எழுந்திருக்கவில்லை. பந்து வந்தது, நின்றது, அடி விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் காது மூடுமா, அந்த நாறச் சத்தம் மைதானத்தைத் தாண்டி வந்து சேர்ந்தது. பந்து கோல்கீப்பரின் காலில் பட்டு வெளியே போயிற்று. ஸ்டிக் முழுசாக இருந்தது, பெனிட்டா முழுசாக இருந்தாள், பல் கவசத்தைக் கையில் எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இசக்கியின் தோளில் ஒரு அடி அடித்தாள்.

“ஜஸ்ட்டு மிஸ்ஸு,” என்றான் மாரிச்செல்வம்.

“சத்தத்தக் கேட்டியா?”

“எந்தச் சத்தம்?”

“அடி விழுந்த சத்தம். ஒரு மாதிரியா இல்ல?”

“மரம்னா அப்படித்தான இருக்கும். ஏன், செக் பண்ணும்போது ஏதும் பாத்தீகளா?”

“வளையத்துல போச்சு.”

“அப்புறம் என்ன? ரூல்படி சரி. சும்மா இருங்க அண்ணாச்சி.”

ரூல்படி சரி. நல்ல வார்த்தை, குளிர்ச்சியான வார்த்தை. ஞானதுரை அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நாளைக்கு யாரும் வந்து கேட்டாலும் வளையத்தில் போச்சு என்று சொல்லிவிடலாம். ஒடிய வேண்டியதென்றால் இந்த அடிக்கே ஒடிந்திருக்குமே. ஒடியவில்லை என்றால் காதுதான் தப்பு. அவளுக்கும் இன்றைக்குத்தான் நாள். கேலரியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ரயில்வே கோச், ஆள் எடுக்க வந்திருக்கிறார், டிஃபன்ஸில் ஒரு பெண் தேவை என்று பேச்சு. இசக்கியின் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய் வருகிறவள், மகளுக்கு ரயில்வேயில் வேலை என்றால் அந்த வீடு தலை நிமிர்ந்துவிடும். இந்தப் பெண்ணிடமிருந்து இந்த நேரத்தில் ஸ்டிக்கைப் பிடுங்குவது பாவம் இல்லையா? இப்படியே நியாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முன்னால் உட்கார்ந்தன. எல்லாம் நல்ல நியாயங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் உட்கார்ந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டது. பெனிட்டாவின் பல் எப்படி இருக்கும்? இப்போதுதான் சிரித்தாள், பார்த்தார், முன் பல் இரண்டும் கொஞ்சம் பெரிசு, முயல் பல். அதைப் பார்த்திருக்கவே வேண்டாம். அவள் அப்பா யார், என்ன செய்கிறார், அம்மா இங்கே கேலரியில் இருக்கிறாளா? கல்யாண போட்டோவில் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாளா? கண்ணில் பட்டால்? பல் போனால் கட்டிக்கொள்ளலாம், கண் போனால் என்ன செய்வாய் ஞானதுரை, அதற்கு ஒரு கதை கட்டிக் கல்யாண வீட்டில் சொல்வாயா?

மறுபடியும் விசில். மறுபடியும் நடுவரின் கை அந்தப் பக்கமே நீண்டது. கேலரியில் ஊர்க்காரர்கள் எழுந்து நின்றார்கள். எவனோ ஒருத்தன் அடித்தொண்டையில், டால்ட்டன் ஒடியாது தம்பீ, என்று இவர் குரலிலேயே கத்தினான். கூட்டம் சிரித்தது, இன்னும் பத்துப் பேர் சேர்ந்து கத்தினார்கள். இசக்கி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். ஸ்டிக்கின் சிவப்புக் கட்டை ஒரு தரம் நெற்றியில் வைத்து எடுத்தாள். பெனிட்டா வட்டத்துக்கு வெளியே போய்க் குனிந்தாள், குனிந்தவள் வாயிலிருந்த பல் கவசத்தை எடுத்து, தள்ளிவிடுகிறவளைப் பார்த்து என்னவோ கத்தினாள், கவசத்தை அப்படியே காலுறைக்குள் சொருகிக்கொண்டாள். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. போடு பிள்ளே, போடு, என்று ஞானதுரை முனகினார். போடவில்லை. அப்புறம் நடந்தது அவர் யோசித்துச் செய்ததில்லை. மாரிச்செல்வத்தின் குறுக்கே பாய்ந்து ஹூட்டரை அழுத்தினார். அழுத்திய கையை எடுக்கவில்லை, அது பாட்டுக்கு அலறியது.

“ஐயையோ, டைம் இருக்கு அண்ணாச்சி!”

ஆட்டம் முடிந்துவிட்டது, தோற்காமல் தப்பினோம் என்று எதிரணிப் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நடுவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மேஜையைப் பார்த்து ஓடிவந்தார். ஞானதுரை அவரைத் தாண்டி, பூட்சு போடாத செருப்புக் காலோடு, ஈர நீலத் தரையில் வழுக்கி வழுக்கி நடந்தார். ஊர் பூராவும் பார்க்கிறது என்று தெரிந்தது. கூச்சமாகத்தான் இருந்தது.

“அந்த ஸ்டிக் வேண்டாம். உள்ள விட்டிருக்கு. மாத்தச் சொல்லுங்க,” என்றார் நடுவரிடம்.

“நீங்கதான சார் பாஸ் பண்ணீங்க?”

“நான்தான். தப்பாப் பண்ணிட்டேன்.”

இசக்கி ஸ்டிக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். “சார், இதுலதான் சார் எனக்கு அடி விழும். ஒண்ணும் ஆகல சார், பாருங்க, ஒரு கீறல்கூட இல்ல. நீங்கதான சொன்னீங்க ஒடியாதுன்னு. ரயில்வே சார் பாத்துட்டு இருக்காக சார்.” அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன அவளுக்கு. அவள் டீம் கோச் என்னவோ கத்தினார். நடுவர் ஸ்டிக்கை வாங்கிப் புரட்டினார், தடவினார், ஒன்றும் தெரியவில்லை. ஆபீசர் சொல்லிவிட்ட பிறகு அவர் ஏன் வம்பை விலைக்கு வாங்குவார், மாற்றச் சொல்லிவிட்டார். பெஞ்சிலிருந்து யாருடைய கார்பன் ஸ்டிக்கோ வந்தது, கழுத்தில் சிவப்பு டேப் சுற்றியது, அவள் உயரத்துக்குக் குட்டையானது. ஞானதுரை டால்ட்டனைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். கேலரி அவரைப் பார்த்து ஊளையிட்டது. முதுகுக்குப் பின்னால் பந்து வந்தது, நின்றது, அடி விழுந்தது. சுத்தமான, பழுதில்லாத, யார் வீட்டுச் சத்தமோ என்பது போன்ற ஒரு சத்தம். பந்து கம்பத்துக்கு வெளியே எங்கேயோ போயிற்று. ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தது. ரயில்வே கோச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

கேலரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் யாரும் இல்லை. ஞானதுரை ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்புக் கட்டு, சாய்ந்த எழுத்து, எண்ணெய் வாசனை. ஒரு குறை சொல்ல முடியாது. தட்டினார். டொக். உள்ளே இருக்கிறாய் அல்லவா, வெளியே வா, என்று சொல்லிக்கொண்டு தொட்டியின் சிமெண்டு விளிம்பில் ஓங்கி ஒரு அடி அடித்தார். கை அதிர்ந்து தோள் வரை வலித்தது. ஒடியவில்லை. இன்னொரு அடி. ஒடியவில்லை. ஒடி, ஒடிஞ்சு தொலை, என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது அடி அடித்தபோதுதான் தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. தன் ஆயுசில் ஒரு டால்ட்டன் ஒடிய வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது இல்லை. இது ஒடிந்தால் அவர் பிழைத்தார், ஒடியாவிட்டால் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டவர். டால்ட்டனோ சிமெண்டு விளிம்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிட்டுச் சும்மா இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குள் அந்த நிலைமையிலும் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது, அதை நினைத்துத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

“ஒடியலல்ல?”

இசக்கி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. முகத்தைக் கழுவியிருந்தாள், கண் மட்டும் சிவந்திருந்தது.

“ஒடியலம்மா.”

“நாளைக்கு ஒரு மேட்ச் இருக்கு. ரயில்வே சார் நாளைக்கும் வாராகளாம். எங்க கோச் சொன்னாக.” அவள் கை நீட்டி ஸ்டிக்கின் வளைந்த முனையைப் பிடித்துக்கொண்டாள். “நாளைக்கும் டேபிள்ல நீங்கதான சார்?”

“நான்தான்.”

“வளையத்துல போயிரும்ல?”

“போயிரும்.”

“அப்பக் குடுங்க சார்.”

வளையத்தில் போய்விடும். நடுவர் தடவினாலும் ஒன்றும் தெரியாது. சிமெண்டில் மூன்று தரம் அடித்தும் ஒடியாததை ஒடியும் என்று சொல்ல இவரிடம் ஒரு கிழட்டுக் காதைத் தவிர வேறு சாட்சி இல்லை. மைதானத்துப் பக்கமிருந்து பெனிட்டா சிரிக்கிற சத்தம் கேட்டது. ஞானதுரையின் கை ஸ்டிக்கின் பிடியில் இருந்தது.

அவள் இழுத்தாள். அவர் விடவில்லை.